பழைய ஜீப் வாங்குவோர் எஞ்சினைக் கடைசியில் பார்க்க வேண்டும்

கீழ்ப் பழனி மலையில், தாண்டிக்குடிக்கு அருகே காப்பித் தோட்டம் வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "மழைக்காலத்தில் தோட்டத்துப் பாதையில் ஏறுவதற்கு, நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சின் விசை செல்லும் பழைய ஃபோர் வீல் வண்டி ஒன்று தேவைப்படுகிறது. 1987-ஆம் ஆண்டு மஹிந்திரா எம்.எம். 540 ஒன்று விலைக்கு வந்துள்ளது. புதிதாகப் பெயின்ட் அடித்து, பவர் ஸ்டியரிங் வைத்து, பழைய எஞ்சினை எடுத்துவிட்டு டி.ஐ. எஞ்சின் பொருத்தியிருக்கிறார்கள். டெல்லியில் பதிவான மாருதி ஜிப்ஸி ஒன்றும் இதைவிடக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. எதை வாங்கலாம், எதையெல்லாம் சோதிக்க வேண்டும்?"

பழைய ஜீப்பைப் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் பானெட்டைத் திறந்து எஞ்சினை ஓடவிட்டுக் கேட்கிறார்கள், பிறகு பெயின்டைப் பார்க்கிறார்கள், ஆர்.சி. புத்தகத்தைக் கடைசியில்தான் கையில் வாங்குகிறார்கள். இந்த வரிசையை அப்படியே தலைகீழாக மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதே என் முதல் ஆலோசனை. எஞ்சின் பழுதானால் பணம் செலவழித்துச் சரிசெய்துவிடலாம். வண்டியின் அடிச்சட்டமான சேஸில் பொறித்த எண்ணும் ஆர்.சி.யில் உள்ள எண்ணும் பொருந்தாத வண்டியை எந்தப் பட்டறையும் சரிசெய்து தர முடியாது.

ஆகவே முதலில் அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டியின் எண்ணைப் போட்டுப் பாருங்கள். 1989-க்கு முன் பதிவான வண்டி என்பதால் அதன் எண் இன்றைய டி.என். வரிசையில் இருக்காது, பழைய மூன்றெழுத்து வரிசையில்தான் இருக்கும். இத்தகைய வண்டிகளில் சிலவற்றின் விவரம் இன்னும் கணினியில் ஏறாமல் காகிதப் பேரேட்டிலேயே இருப்பதுண்டு. அப்படியானால், அதை ஏற்றித் தரும் பொறுப்பை விற்பவரே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முடித்துத் தரட்டும். சொந்த உபயோக வண்டிகளுக்குப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும் என்பதால், கடைசிப் புதுப்பித்தல் எந்தத் தேதி வரை செல்லும், பசுமை வரி கட்டப்பட்டுள்ளதா, பழைய கடன் ஏதேனும் ஆர்.சி.யில் நிற்கிறதா என்பவற்றையும் பார்த்துவிடுங்கள். கார், ஜீப் வகைக்கான புதுப்பித்தல் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாய் ஆனது. இருபது ஆண்டுகளைக் கடந்த வண்டிகளுக்கு 2025-இல் அது மேலும் உயர்த்தப்பட்டது. இந்தச் செலவையும் சேர்த்துத்தான் விலை பேச வேண்டும்.

நீங்கள் குறிப்பிட்ட வண்டியில் எனக்கு உறுத்துவது அந்த மாற்று எஞ்சின்தான். எம்.எம். 540-இல் தொழிற்சாலையிலிருந்து வந்தது பிரான்ஸின் பெஜோ நிறுவன வழிவந்த எக்ஸ்.டி.பி. டீசல் எஞ்சின், 2,112 சி.சி. கொள்ளளவு உடையது. அதற்குப் பின் வந்த மஹிந்திராவின் 2,523 சி.சி. டி.ஐ. எஞ்சினை, அதாவது டீசலை நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் எஞ்சினைப் பொருத்தினால் குறைந்த வேகத்தில் இழுவை கூடுகிறது, குளிர்காலைகளில் ஹீட்டர் பிளக் எஞ்சினைச் சூடாக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மலைப்பாதைக்கு அது நல்ல மாற்றம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் தந்த அமைப்புக்கு மாறான மாற்றங்களைத் தடைசெய்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை உறுதிசெய்தது. எஞ்சினை மாற்றும்போது பதிவு அலுவலகத்தின் ஒப்புதலைப் பெற்று, புதிய எண்ணை ஆர்.சி.யில் ஏற்றியிருக்க வேண்டும். அது நடக்காத வண்டி அடுத்த புதுப்பித்தலின்போது நிறுத்தப்படலாம். விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்கவும் அது காரணமாகலாம்.

டெல்லி ஜிப்ஸி மலிவாக இருப்பதற்குக் காரணம் அதன் குறை அல்ல. தலைநகர் வட்டாரத்தில் பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகளும் பதினைந்தாண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளும் ஓடக்கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் ஆணையிட்டதையும், 2018-இல் உச்ச நீதிமன்றம் அதையே வலியுறுத்தியதையும் தொடர்ந்து, அங்குள்ள பழைய வண்டிகள் பிற மாநிலங்களுக்கு இறங்கி வருகின்றன. அங்கிருந்து தடையில்லாச் சான்று படிவம் 28-இல் முறையாக வந்திருக்க வேண்டும். இங்கே மறுபதிவும் வரியும் உங்கள் செலவு. பின்னால் வந்த 1,298 சி.சி. ஜிப்ஸி ஏறத்தாழ ஒரு டன் எடையே உடையது, ஆகவே சேற்றில் மிக லாகவமாகப் போகும். ஆட்கள் இருவரும் கொஞ்சம் சாமானும் என்றால் அதுவே போதும். காப்பி மூட்டைகளை ஏற்றுவதென்றால் எம்.எம். 540 பக்கமே சாய்வேன். கார்புரேட்டர் உள்ள பழைய பெட்ரோல் வண்டி எதுவானாலும், இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் அதன் ரப்பர்க் குழாய்களையும் டயாஃப்ரத்தையும் அரிக்கக்கூடும். அவற்றை உடனே மாற்றிவிட வேண்டும்.

காகிதம் சரியென்றால், பிறகு வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். புதுப் பெயின்ட் பளபளப்பைவிடப் பின்பக்க ஸ்பிரிங் தொங்கும் இடம், கியர் பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டம், ஸ்டியரிங் பாக்ஸ் பிடித்திருக்கும் இடம் ஆகிய மூன்றும் முக்கியம். சேறு உள்ளே அடைந்து ஈரம் தங்கும் இடங்களில் இரும்பு உள்ளிருந்தே அரித்துக்கொண்டு வரும். சிறு சுத்தியலால் தட்டினால் நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், அரித்த இடம் மந்தமாக ஒலிக்கும். பவர் ஸ்டியரிங் புதிதாக வைத்த வண்டியில் அந்த இடத்தில் வெல்டிங் எப்படிப் போட்டிருக்கிறார்கள், விரிசல் ஏதேனும் ஓடுகிறதா என்பதை டார்ச் அடித்து நிதானமாகப் பாருங்கள். சேஸ் எண் பொறித்த இடத்தைச் சுற்றி வெல்டிங் தழும்போ, அரம் தேய்த்த அடையாளமோ இருந்தால் அத்துடன் எழுந்து வந்துவிடுங்கள்.

அடுத்தது ஃபோர் வீல். எம்.எம். 540 இருசக்கர இயக்கத்திலும் வந்திருக்கிறது, எனவே முன் ஆக்சிலில் டிஃபரன்ஷியல் கூடு இருக்கிறதா, அதற்கு விசை கொண்டுசெல்லும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் கழற்றப்படாமல் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்தே ஆக வேண்டும். சோதனையைத் தார்ச்சாலையில் செய்யாதீர்கள். இவ்வகை வண்டியில் முன் பின் ஆக்சில்களுக்கு நடுவே சுழல்வேக வித்தியாசத்தைச் சமன்செய்யும் அமைப்பு இல்லாததால், பிடிப்புள்ள தரையில் திரும்பும்போது பற்சக்கரங்கள் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும். மண் ஏற்றம் ஒன்றில் ஃபோர் ஹை, ஃபோர் லோ (நான்கு சக்கர இயக்கத்தின் வேக நிலை, இழுவை நிலை) இரண்டையும் போட்டு ஏற்றுங்கள். பிறகு அதே லோவில் இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை முழுவதும் எடுத்துவிடுங்கள். லீவர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்தால், முன் பின் ஆக்சில்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸ் தேய்ந்துவிட்டது. மலை இறக்கத்தில் அது நேர்ந்தால் எஞ்சின் பிடிப்பு முழுவதும் போய், பிரேக்கை மட்டுமே நம்ப வேண்டிவரும். முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தால், அது திரும்பும் அச்சாணியான கிங் பின்னின் தேய்மானம் தெரிந்துவிடும். பள்ளத்தில் விழுந்தெழும்போது ஸ்டியரிங் நடுங்குகிறது என்றால் பெரும்பாலும் காரணம் இங்கேயோ ஸ்பிரிங் புஷ்களிலோதான் இருக்கும்.

உதிரிபாகத்தைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. வில்லிஸ் நிறுவனம் 1953-இல் கொண்டுவந்த சி.ஜே. 3பி வகையை அமெரிக்காவில் 1968-இல் நிறுத்திவிட்டாலும், மஹிந்திரா அதன் வழிவந்த ஜீப்புகளைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து தயாரித்ததால், இன்றும் பெரும்பாலான சாமான்கள் கடைகளில் கிடைக்கின்றன. விற்பவர் யாராவது ஐம்பதாண்டு கடந்த ஜீப்பைக் காட்டி, பழம்பெரும் வண்டிகளுக்கான விண்டேஜ் பதிவு செய்துகொள்ளலாம் என்று ஆசைகாட்டினால் ஏற்காதீர்கள். 2021 விதியின்படி அந்தப் பதிவு பெற்ற வண்டி கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான் சாலைக்கு வரலாம். அன்றாடத் தோட்ட வேலைக்கு அது உதவாது.

உங்கள் பாரத்துக்கும் பாதைக்கும் எம்.எம். 540-தான் பொருந்துகிறது. முன்பணத்தைச் சிறிதாகக் கொடுத்து, டி.ஐ. எஞ்சினின் எண்ணை விற்பவரே தம் பெயரில் ஆர்.சி.யில் ஏற்றித் தர வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஏற்றி முடித்த ஆர்.சி.யைப் பார்த்த பிறகே, உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30-இல் கையெழுத்து வாங்கி மீதியைக் கொடுங்கள். அவர் தயங்கினால், எஞ்சின் மாற்றாத, பெயின்ட் மங்கிய வேறொரு வண்டியைத் தேடுங்கள்.