லாக்கர் சாவிக்கு ஆபீஸ் டிராயரில் என்ன வேலை?

கேள்வி: முப்பது வருடமாக மும்பை முலுண்டில் குடியிருக்கிறோம். அந்தேரியில் வேலை, அடுத்த மார்ச்சில் ஓய்வு. 2015இல் அசோகச் சக்கரம் போட்ட அரசாங்கத் தங்க நாணயம் வந்ததிலிருந்து தீபாவளிதோறும் பத்து கிராம் வாங்கி வருகிறேன். மும்பை நாணயச் சாலையின் வெள்ளி நினைவு நாணயங்களும் நிறைய உண்டு. லாக்கர் சாவியும் பில்களும் ஆபீஸ் டிராயரில் பத்திரமாக இருக்கின்றன. மனைவிக்குத் தெரிந்தால் மகளுக்கு நகை செய்யலாம் என்று ஆரம்பித்துவிடுவாள். தங்கத்தில் பாதியை விற்று அமெரிக்க ஈகிள் வெள்ளி நாணயம் வாங்கலாமா?

பதில்: வேண்டாம். இரண்டு வருடத்துக்கு மேல் வைத்திருந்த தங்கத்தை விற்றால் லாபத்தில் 12.5 சதவீதம் வரி. வெள்ளி வாங்கும்போது 3 சதவீதம் ஜிஎஸ்டி. ஈகிள் நல்ல நாணயம்தான். 1986 முதல் அமெரிக்க அரசு அடிப்பது, 31.1 கிராம் சுத்த வெள்ளி. ஆனால் வெள்ளி விலைக்கு மேல் நீங்கள் கொடுக்கிற கூடுதல் பணத்தை நம் மும்பை நகைச் சந்தையான ஜவேரி பஜாரில் யாரும் எளிதில் திருப்பித் தர மாட்டார்கள். எடை போட்டு உலோக விலையைத்தான் பேசுவார்கள். நினைவு நாணயங்களை முதலீட்டுக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். பெரும்பாலானவை 35 கிராம் எடை, அதில் பாதிதான் வெள்ளி. மீதி செம்பும் நிக்கலும் துத்தநாகமும். பிடித்திருந்தால் ஆசைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கேள்வி முடிந்தது. இனி என் கேள்வி. ஆபீஸ் டிராயரில் எதை, யாரிடமிருந்து பத்திரப்படுத்தியிருக்கிறீர்கள்?

உங்களைப் போன்ற கணவர்கள் எழுதும் கடிதங்களைவிட, அவர்கள் போன பிறகு மனைவிமார் எழுதும் கடிதங்கள்தான் எனக்கு அதிகம் வருகின்றன. “என்னமோ வாங்கி வைத்திருந்தார், எங்கே என்று தெரியவில்லை” என்று எழுதுகிறார்கள். நாளைக்கே உங்களுக்கு ஒன்று ஆனால் அந்த டிராயரைத் திறக்கப் போவது யார்? சக ஊழியர் ஒருவர் சாமான்களை அட்டைப்பெட்டியில் போட்டு வீட்டுக்கு அனுப்புவார். அந்தச் சாவி எந்த வங்கி, எந்தக் கிளை, எந்த எண் என்று உங்கள் மனைவி யாரைப் போய்க் கேட்பார்? உள்ளே என்ன இருக்கிறதென்று வங்கிக்கும் தெரியாது. தொடர்ந்து மூன்று வருடம் வாடகை வராவிட்டால், உரிய நோட்டீஸ் கொடுத்துவிட்டு லாக்கரை உடைத்துத் திறக்க விதியில் இடம் இருக்கிறது.

பில்கள் விஷயம் இன்னும் மோசம். வாரிசு அந்தத் தங்கத்தை விற்றால், நீங்கள் வாங்கிய விலையையும் தேதியையும் வைத்துத்தான் அவருக்கும் வரி கணக்கிடுவார்கள். பில் இல்லாமல் உங்கள் மனைவி எதைக் காட்டுவார்? வங்கிகள் தங்க நாணயத்தைத் திரும்ப வாங்குவதில்லை. பெரும்பாலும் கடைக்காரரிடம்தான் போக வேண்டியிருக்கும். பில்லும் பிரிக்காத உறையும் இல்லாமல், கணவனை இழந்த பெண் ஒருத்தி தனியாகப் போய் நின்றால் என்ன விலை பேசுவார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

மகளுக்கு நகை செய்யலாம் என்பாராம். சொல்லட்டுமே! பெற்ற தாய் சொல்லாமல் வேறு யார் சொல்வது? கூலியிலும் சேதாரத்திலும் பணம் போகும், நாணயமாகவே இருக்கட்டும் என்பதுதான் என் கருத்தும். அதை எதிரே உட்கார்ந்து அவருக்கு எடுத்துச் சொல்வதுதான் குடித்தனம். அது உங்களுக்குச் சங்கடமாக இருக்கிறது. அதனால் பத்து தீபாவளிக்கு மேல் ஒளித்து வைத்துவிட்டு அதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். அந்தப் பத்து கிராமுக்கான பணம் உங்கள் சம்பளத்திலிருந்து மட்டும் வரவில்லை. மும்பை வாடகையிலும் பள்ளிக் கட்டணத்திலும் மாதத்தை ஓட்டி, மிச்சம் பிடித்துக் கொடுத்தவர் அவர். கட்டிய மனைவிக்குத் தெரியாமல் சேர்த்ததைக் குடும்பச் சொத்து என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

வங்கியை நம்பி இருப்பதிலும் ஒரு எல்லை உண்டு. லாக்கரில் தீயோ திருட்டோ வங்கியின் தவறால் நேர்ந்தால், ஆண்டு வாடகையின் நூறு மடங்கு வரைதான் பொறுப்பு. வாடகை மூவாயிரம் என்றால் மூன்று லட்சம். உங்களிடம் நூறு கிராமுக்கு மேல் இருக்கிறது, கணக்கு நீங்களே போடுங்கள். மொத்தத்தையும் ஒரே இடத்தில் வைக்க வேண்டுமா என்பதும் இரண்டு பேரும் கலந்து பேச வேண்டிய விஷயம்தான்.

வருகிற சனிக்கிழமை அவரை அழைத்துக்கொண்டு வங்கிக்குப் போங்கள். இரண்டாம், நான்காம் சனி வங்கி கிடையாது, பார்த்துக்கொள்ளுங்கள். லாக்கரை இருவர் பெயருக்கும் மாற்றுங்கள், ஒருவர் இல்லாவிட்டால் மற்றவர் திறக்கலாம் என்ற முறையில். மகளை நாமினியாகப் போடுங்கள். வீட்டில் ஒரு நோட்டில் வாங்கிய தேதி, எடை, விலை எல்லாவற்றையும் உங்கள் மனைவியின் கையெழுத்திலேயே எழுதச் சொல்லுங்கள். நீங்கள் எழுதினால் அவர் பார்க்காமலே போய்விடக்கூடும். பில்கள் வீட்டுப் பீரோவுக்கு வரட்டும். உறைகளை ஆசைக்குக்கூடப் பிரிக்க வேண்டாம்.

முதல் நாள் அவருக்குக் கோபம் வரும். இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார். நகை பேச்சை ஒரு சாக்காகச் சொல்லாமல் மன்னிப்புக் கேளுங்கள். ஈகிள் நாணயம் பற்றி அதன் பிறகும் ஆசை இருந்தால், அவரிடம் கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள்.