தினமும் வாக்கிங் போறவங்க கிளப் நடைப்போட்டியில சேரலாமா?

"தினமும் ஒரு மணி நேரம் வேகமா வாக்கிங் போறேன், பக்கத்துல ஒரு கிளப்ல 5 கிலோமீட்டர் ரேஸ்வாக்கிங் வைக்கிறாங்க, சேரலாமா, மானம் போயிடுமா?"ன்னு கேட்டிருக்கீங்க.

சேருங்க. மானம் கொஞ்சம் போகும், ஆனா நீங்க நினைக்கிற இடத்துல போகாது.

நானும் இதே தைரியத்துலதான் பேர் குடுத்தேன். தினமும் நடக்குறவனுக்கு நடக்குறதுல என்ன கஷ்டம், கடைசியா வந்தா வந்துட்டுப் போறேன்னு தொளதொளன்னு ஒரு ட்ராக் பேன்ட்டை மாட்டிக்கிட்டுப் போயி நின்னேன். வார்ம் அப் பண்ணும்போது பின்னாடி வந்த ஒரு பெரியவர், அறுபத்தஞ்சு வயசுக்கு மேல இருக்கும், "தம்பி நல்லா நடக்குறீங்க, ஆனா இது அந்த நடை இல்ல, முதல்ல பேன்ட்டை மாத்துங்க, ஜட்ஜுக்கு முட்டி தெரியணும்"னார். நல்லவேளை பையில ஒரு ஷார்ட்ஸ் கிடந்தது.

ரூல் ரெண்டே ரெண்டுதான். எந்த நேரமும் ஒரு பாதமாவது தரையில இருக்கணும், அதாவது கண்ணுக்குத் தெரியுற மாதிரி ரெண்டு காலும் அந்தரத்துல இருக்கக் கூடாது. ரெண்டாவது, முன்னாடி வைக்கிற கால் தரையைத் தொட்ட நொடியிலிருந்து உடம்புக்கு நேர் கீழ வர்ற வரைக்கும் முட்டி மடங்காம நீட்டா இருக்கணும். நம்மள மாதிரி ஆளுங்களுக்கு முதல் ரூல் ஒரு பிரச்சனையே இல்ல, பறக்குற அளவுக்கு வேகம் எங்க இருக்கு, ரெண்டாவதுதான் உயிரை வாங்கும். சாதாரண நடையில கால் தரையில பட்டதும் முட்டி லேசா மடங்கிக் குடுக்கும், அதிர்ச்சி மேல ஏறாம இருக்க உடம்பு தானா பண்ற வேலை அது, இத்தனை வருஷமா தினமும் ஒரு மணி நேரம் நாம பழகி வச்சிருக்கிறது அதைத்தான். இங்க அதுவே தப்பு!

400 மீட்டர் ட்ராக்ல பன்னெண்டரை சுத்து. முதல் மூணு சுத்து ராஜநடைதான். அப்புறம் முழங்காலுக்குக் கீழ முன்பக்கம் இருக்கே, அந்த எலும்பை ஒட்டின தசை, அது தீயா எரிய ஆரம்பிச்சது. மூச்சு நல்லாத்தான் இருக்கு, தொடை நல்லாத்தான் இருக்கு, அது மட்டும் கல்லு மாதிரி இறுகிடுச்சு. பாதத்தோட முன்பக்கத்தைத் தூக்கி வச்சு குதிகாலை ஊனுறதே அந்தத் தசைதான், வேகம் கூடக் கூட அதுக்கு ஓய்வே கிடையாது. வாக்கிங்ல அது இருக்குறதே எனக்குத் தெரியாம இருந்துச்சு.

ஆறாவது சுத்துல ஒரு ஜட்ஜ் டேபிள் டென்னிஸ் மட்டை மாதிரி மஞ்சளா ஒன்னை என் பக்கம் நீட்டினார், அதுல ஒரு கோணக்குறி, முட்டி மடங்குதுன்னு அர்த்தம். அலைக்கோடு போட்டிருந்தா காலைத் தூக்குறீங்கன்னு அர்த்தம். மஞ்சள் வெறும் எச்சரிக்கைதான், ஆபத்து சிவப்பு அட்டை. மூணு வேற வேற ஜட்ஜ்கிட்ட இருந்து மூணு சிவப்பு வந்தா ஆட்டம் முடிஞ்சது (சில போட்டியில உடனே வெளிய அனுப்பாம தனியா ஒரு இடத்துல கொஞ்ச நேரம் நிறுத்தி வச்சு விடுவாங்க). வீடியோ பாக்குறது, ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்குறது எதுவும் கிடையாது, அவங்கவங்க கண்ணுதான். 2000 சிட்னி ஒலிம்பிக்ஸ்ல ஆஸ்திரேலியாவோட ஜேன் சவில் நடைப்போட்டியில முதல் ஆளா ஸ்டேடியத்துக்குள்ள நுழையுற நேரத்துல மூணாவது சிவப்பு வாங்கி வெளிய போனாங்க, சொந்த ஊர் கூட்டத்துக்கு முன்னாடி தங்கம் கைநழுவிப் போச்சு. 2004 ஏதென்ஸ்ல திரும்பி வந்து வெண்கலம் எடுத்தாங்க, அது தனிக் கதை. அதனால நமக்கு ஒரு மட்டை காட்டினாங்கன்னு கூச்சப்படவே வேண்டாம்.

நான் என்ன பண்ணேன்னா பயந்துபோயி பெரிய பெரிய எட்டா வச்சேன். அது இன்னும் மோசம், காலை ரொம்ப முன்னாடி ஊனினா முட்டியை நீட்டா வச்சு உடம்பைத் தாண்ட விடவே முடியாது. அந்தப் பெரியவர் என்னை ஒரு சுத்து முந்திக்கிட்டே "எட்டைச் சின்னதாக்கு தம்பி, கையை இடுப்புக்கிட்ட வச்சு வேகமா வீசு, கால் தானா வரும்"னு சொல்லிட்டுப் போனார், பேசுறதுக்கு அவருக்கு மூச்சு இருந்துச்சு பாருங்க! ஆனா சொன்னது நிஜம், கை வேகம் கூடினதும் காலும் கூடிச்சு.

38 நிமிஷம் சொச்சத்துல கடைசி ஆளா முடிச்சேன், எனக்காக எல்லாரும் நின்னு கை தட்டினாங்க, கிளப் போட்டியில இது ஒரு சுகம். நீங்க போறதுக்கு முன்னாடி யாரையாவது பக்கவாட்டுல நின்னு போன்ல ஸ்லோமோஷன்ல எடுக்கச் சொல்லிப் பாத்துடுங்க, நான் அதைச் செய்யல. முடிஞ்சதும் ஜட்ஜுங்க தாளைப் பாத்தா என் நம்பருக்கு நேரா ஒரு சிவப்பு இருக்கு, மஞ்சளே காட்டாத வேற ஒரு ஜட்ஜ் நேரா எழுதியிருக்கார், அதுக்கு ரூல்ல இடம் உண்டு. எந்தக் கால் சார்னு கேட்டேன். இடதுன்னார். ஆறாவது சுத்துலேர்ந்து நான் பல்லைக் கடிச்சு நீட்டிக்கிட்டிருந்தது வலது முட்டியை.