விலாஃபிராங்காவில் ஒரு தோள் (கடிதமும் பதிலும்)

வணக்கம் அக்கா,

பார்சிலோனாவில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். ஆகஸ்ட் 30 அன்று அலுவலக நண்பர் ஒருவர் ஸ்பெயினின் பாரம்பரியத் திருவிழா ஒன்றைப் பார்க்கலாம் என்று தன் சொந்த ஊரான விலாஃபிராங்கா தெல் பெனதேஸுக்கு அழைத்துப் போனார். சதுக்கத்தில் மனிதக் கோபுரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஓரமாக நின்ற என்னை யாரோ உள்ளே இழுத்து, முன்னால் இருந்தவரின் முதுகில் என் கையை வைத்துவிட்டார்கள். அதன்பின் நான் எதையும் பார்க்கவில்லை. வியர்வை, மூச்சு, எங்கோ ஒரு குழல் சத்தம். திடீரென்று ஊரே கத்தியது. வெளியே வந்தபோது அழுதுகொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து மனசு சரியில்லை. எங்கள் ஊர்த் தேருக்கு வடம் பிடிக்க வா என்று அப்பா வருஷா வருஷம் கூப்பிடுகிறார், நான் போவதில்லை. இங்கே, பாஷைகூடச் சரியாகத் தெரியாத ஊரில், யாருடைய திருவிழாவிலோ அழுகிறேன். இது நடிப்பா? அடுத்த முறை ஒதுங்கி நின்று பார்ப்பதுதான் மரியாதையா?

கா., பார்சிலோனா

அன்புள்ள தம்பி,

நடிப்பில்லை. அந்த இடத்தில் நடிக்க முடியாது என்பதனாலேயே எனக்கு அந்த விழாமேல் அத்தனை பிரியம். பார்சிலோனாவில் இருந்த காலத்தில் நானும் அந்த நெரிசலுக்குள் நின்றிருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. 'ஸ்பெயினின் திருவிழா' என்று விலாஃபிராங்காவில் சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், ஆனால் பக்குவமாகத் திருத்துவார்கள். அவர்களுக்கு இது கத்தலான் விழா, தனி மொழியுள்ள கத்தலோனியா பகுதியின் விழா. காஸ்டெல் எனும் மனிதக் கோபுரம் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வால்ஸ் என்ற ஊரில் வேர்விட்டது. சர்வாதிகாரி ஃபிராங்கோ காலத்தில் பொது இடங்களில் கத்தலான் மொழியையே ஒடுக்கிவைத்திருந்தார்கள். அந்தக் காலத்தில்தான், 1948இல், இன்று பச்சைச் சட்டை போடும் விலாஃபிராங்காவின் கோபுரக் குழு தொடங்கியது. நீங்கள் கேட்ட கத்தலுக்குப் பின்னால் இதுவும் இருக்கிறது.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் நின்ற இடத்தின் பெயர் பின்யா. கோபுரத்தின் முதல் அடுக்கு ஆட்களைச் சுற்றி, சில நூறு பேர் வட்டம் வட்டமாக நெருக்கி நிற்கும் அடித்தளம் அது. உள்ளே இருப்பவர்கள் முதல் அடுக்கின் கக்கத்தில் தோள் கொடுப்பார்கள். அடுத்தவர்கள் கையை உயர்த்தி இரண்டாம் அடுக்கின் தொடையைத் தாங்குவார்கள். அவர்களுக்குப் பின்னால் முதுகோடு மார்பு ஒட்டி வரிசை வரிசையாக மற்றவர்கள். இந்தக் கூட்டம் இறுக்கிப் பிடிக்காவிட்டால் உயரமான கோபுரத்தின் கால்கள் வெளியே சரிந்துவிடும். மேலிருந்து விழுகிறவர்களுக்கு மெத்தையும் இதுதான். ஆகவே உங்கள் கையில் வந்திறங்கிய பாரம் நிஜம். அது யார் கை என்று பார்த்து இறங்கவில்லை.

நீங்கள் எதையும் பார்க்காததும் முறைதான். மோவாயை நெஞ்சோடு சேர்த்துத் தலையைக் குனிந்துகொள்ள வேண்டும், மேலே பார்க்கக் கூடாது என்பது பின்யாவின் முதல் பாடம். மேலிருந்து ஒருவர் விழுந்தால், அண்ணாந்த கழுத்து ஒடிந்துவிடும். கோபுரம் எதுவரை வந்திருக்கிறது என்பதைக் காது சொல்லும். நீங்கள் கேட்ட குழல், கிரால்யா. இரட்டைச் சீவாளி வைத்து ஊதுவது, கூர்மையான சத்தம். சின்னப் பிள்ளைகள் உச்சிக்கு ஏறும்போது இசை மாறும். எல்லாருக்கும் மேலே போகிற அன்ஷனேத்தா என்ற குழந்தை கையைத் தூக்கிக் காட்டியதும் கோபுரம் எழுந்ததாகக் கணக்கு. நீங்கள் கேட்ட சத்தம் அதற்காகத்தான் இருந்திருக்கும். ஆனால் விஷயம் தெரிந்தவர்கள் அப்போதும் கையைத் தளர்த்த மாட்டார்கள். இறங்கும்போதும் சரியலாம்.

எனக்கு மறக்கவே மறக்காத காட்சி ஒன்று உண்டு. ஏறுகிறவர்கள் இடுப்பில் ஃபாஷா என்ற நீளமான கறுப்புத் துணியைச் சுற்றிக்கொள்வார்கள். முதுகுக்குப் பிடிமானம், மேலே போகிறவர்களுக்குக் கால் வைக்கும் படி. அதைத் தனியாகக் கட்ட முடியாது. ஒருவர் ஒரு முனையைப் பல மீட்டர் தள்ளி இழுத்துப் பிடித்து நிற்பார். மற்றவர் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு அவரை நோக்கி வருவார். ஒரு நடுவயது அம்மா தன் மகனுக்கு அப்படிப் பிடித்துக்கொண்டிருந்தார், பின்னால் சாய்ந்து, செருப்புக் கால்களைக் கல்தரையில் ஊன்றி. கட்டி முடித்ததும் பையன் சட்டைக் காலரைப் பல்லில் கடித்துக்கொண்டு போனான். தோளில் துணி நழுவினால் மேலே நிற்பவரின் பாதமும் நழுவும், அதற்காக.

இப்போது 'யாருடைய திருவிழாவோ' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடம். 1980கள் வரை கோபுரம் ஏறுவது பெரும்பாலும் ஆண்களின் வேலையாகவே இருந்தது. பெண்கள் பால்கனியில் நின்று பார்த்தார்கள். பிறகு அவர்களும் குழுச் சட்டை போட்டு உள்ளே வந்தார்கள். பழையவர்கள் சிலருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் மேலடுக்குகளில் எடை குறைந்தது, கீழே ஆள் கூடியது, பயிற்சி முறையும் மாறியது. 19ஆம் நூற்றாண்டோடு போயிருந்த ஒன்பதடுக்கு 1981இல் திரும்ப முழுதாக எழுந்து இறங்கியது. 1998இல் பத்தடுக்கும் எழுந்தது. தென் ஸ்பெயினிலிருந்து பிழைக்க வந்த குடும்பங்களின் பிள்ளைகள் இந்தக் குழுக்களில் வளர்ந்தார்கள். இன்று மொரோக்கோவிலிருந்தும் தென் அமெரிக்காவிலிருந்தும் வந்தவர்கள் நிற்கிறார்கள். 2010இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்ததைப் பெரிதாகப் பேசுவார்கள். எனக்கு அதைவிட இந்தச் சேர்க்கைதான் பெரிது. வந்தவரை உள்ளே விட்டதால் உயர்ந்த விழா இது. உங்களை இழுத்து நிறுத்தியவர் உங்களுக்குச் சலுகை எதுவும் காட்டவில்லை, தம்பி. அங்கே ஒரு இடம் காலியாக இருந்தது.

உங்கள் தேருக்கு வருகிறேன். தேர் வடத்தைத் தொட யாருக்கு உரிமை என்பது நம் ஊரில் எளிய கேள்வியாக இருந்ததில்லை. கண்டதேவியில் தலித் மக்கள் வடம் பிடிக்கும் உரிமைக்காக நீதிமன்றம் ஏற வேண்டியிருந்தது. தேரே பல ஆண்டுகள் ஓடாமல் நின்றது. இதைச் சொல்வது உங்கள் அப்பாவின் அழைப்பைக் குறைக்க இல்லை. அவர் கூப்பிடுகிறார், நீங்கள் போகத்தான் வேண்டும். விலாஃபிராங்காவில் அழுததை இதோடு சேர்த்துக் கணக்குப் பார்க்காதீர்கள், ஒன்றில் எடுத்து மற்றொன்றில் வைக்கிற கடன் இல்லை இது. அடுத்த வருஷம் போங்கள். போய், உங்கள் ஊரில் வடத்தை யார் யார் பிடிக்கிறார்கள், யார் தள்ளி நிற்கிறார்கள் என்றும் பாருங்கள். வெளியாளாக நின்றபோது ஒருவர் உங்களை உள்ளே இழுத்தார் இல்லையா, அந்த அனுபவத்தோடு பாருங்கள்.

என் மனசில் ஒரு நெருடலும் உண்டு, மறைக்க மாட்டேன். அத்தனை உயரத்தில் சின்னக் குழந்தை. 2006இல் மத்தாரோ என்ற ஊரின் குழுவைச் சேர்ந்த ஒரு சிறுமி கோபுரத்திலிருந்து விழுந்து இறந்துபோனாள். அதன் பிறகுதான் உச்சிப் பிள்ளைகளுக்குத் தலைக்கவசம் பரவலாக வந்தது. பெரும்பாலான சரிவுகளில் யாருக்கும் பெரிய அடி படுவதில்லை என்பது உண்மை. இருந்தாலும் ஒவ்வொரு முறையும் அந்தப் பிள்ளை தரையைத் தொடும்வரை எனக்கு வயிற்றைப் பிசையும். பின்யாவில் நிற்பதற்கு நான் சொல்லும் காரணங்களில் இதுவும் ஒன்று. கேமராவோடு ஓரத்தில் நிற்பவரைவிட, அந்தப் பிள்ளைக்குக் கீழே நிற்பவருக்கு அதற்கான பொறுப்பு இருக்கிறது.

அதனால் ஒதுங்கி நிற்காதீர்கள். ஆனால் ஒரு நாள் கூத்தாகவும் வைத்துக்கொள்ளாதீர்கள். பார்சிலோனாவிலேயே சான்ட்ஸ், கிராசியா பகுதிகளில் காஸ்டெல் குழுக்கள் இருக்கின்றன. வாரத்தில் சில மாலைகள் ஒத்திகை நடக்கும். போய் நின்றால் யாராவது இடம் காட்டுவார்கள். கத்தலானும் அங்கேதான் காதில் ஏறும், 'இறுக்கு', 'பொறு', 'இறங்கு' என்பதிலிருந்து ஆரம்பித்து.

அப்புறம், நவம்பர் 1, புனிதர் அனைவரின் திருநாள் அன்று விலாஃபிராங்காவின் அதே சதுக்கத்தில் பருவத்தின் கடைசிப் பெரிய நிகழ்ச்சிகளில் ஒன்று நடக்கும். இப்போதே ஒத்திகைக்குப் போக ஆரம்பித்தால் அதற்குள் கையை எங்கே வைப்பது, மூச்சை எப்படி விடுவது என்று பிடிபட்டுவிடும். பார்சிலோனாவிலிருந்து ஆர்4 ரயில். கைக்கடிகாரம், மோதிரம், கண்ணாடி எல்லாவற்றையும் கழற்றி நண்பரிடம் கொடுத்துவிட்டு உள்ளே போங்கள். சட்டைப் பையில் எதுவும் இருக்கக் கூடாது.

அன்புடன்,
அக்கா