குண்டாஸ்ல போட்டா "செஞ்சானா இல்லையா"ன்னு கோர்ட் கேக்காது

கேள்வி: விசாரணையே இல்லாம ஒருத்தரை குண்டர் சட்டத்துல ஒரு வருஷம் ஜெயில்ல வைக்கிறாங்களே, இது அடிப்படை உரிமைக்கு எதிரானது இல்லையா? கோர்ட் எப்படி இதை விட்டு வச்சிருக்கு?

ஐகோர்ட்ல ஒரு சீனியர்கிட்ட ஏழு வருஷமா ஜூனியரா இருக்கேங்க, எங்க ஆபீஸுக்கு வர்ற கேஸ்ல பாதிக்கு மேல எச்சிபி, அதாவது ஒருத்தர சட்டவிரோதமா அடைச்சு வச்சிருக்காங்க, விடச் சொல்லுங்கன்னு போடுற ஆட்கொணர்வு மனு, அதுலயும் முக்கால்வாசி குண்டாஸ். அந்த அனுபவத்துல சொல்றேன், யாருக்காவது சொந்தமா இந்த பிரச்சினை இருந்தா இத நம்பி உக்காந்துடாம நேர்ல ஒரு வக்கீல பாருங்க.

நேர் பதில் என்னன்னா, எதிரானது இல்ல. ஏன்னா அதுக்கான அனுமதிய அடிப்படை உரிமை பகுதிக்குள்ளயே எழுதி வச்சிருக்காங்க. அரசியலமைப்போட 22வது பிரிவ எடுத்து படிங்க, முதல் ரெண்டு உட்பிரிவு பாத்தா சந்தோஷமா இருக்கும், கைது பண்ணா காரணம் சொல்லணும், வக்கீல் வச்சுக்கலாம், 24 மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தணும். அடுத்து மூணாவது உட்பிரிவு வரும், தடுப்புக் காவல்ல, அதாவது இனிமே தப்பு செய்யாம தடுக்கன்னு உள்ள வச்சிருக்கிறவனுக்கு மேல சொன்னது எதுவும் கிடையாதுன்னு. காலேஜ்ல இந்த பிரிவ நடத்தும்போது யாரும் இந்த எடத்துல நிறுத்தல, நானும் பரீட்சைக்கு அஞ்சு மார்க்குக்கு படிச்சிட்டு போயிட்டேன்.

இது ஏதோ தெரியாம நுழைஞ்சதும் இல்ல. 1949 செப்டம்பர் 15ஆம் தேதி அரசியல் நிர்ணய சபைல அம்பேத்கர் இந்த பிரிவ கொண்டு வர்றார், அப்ப அதுக்கு 15ஏன்னு நம்பர். அதுக்கு முன்னாடி உயிர், சுதந்திரம் பத்தின பிரிவுல அமெரிக்கா மாதிரி "டியூ பிராசஸ்", அதாவது நடைமுறையே நியாயமா இருக்கணும்னு போடாம "சட்டம் வகுத்த நடைமுறைப்படி"ன்னு மட்டும் எழுதினதுக்கு சபைல நிறைய பேர் கோவமா இருந்தாங்க, அதுக்கு ஒரு ஈடுகட்டலாத்தான் இத கொண்டு வர்றேன்னு அவரே சொன்னார். மகாவீர் தியாகின்னு ஒரு உறுப்பினர் எந்திரிச்சு, வரைவுக் குழுவுல இருக்கிறவங்க கொஞ்ச நாளாவது ஜெயில்ல இருந்து பாத்திருந்தா நல்லாருக்கும்னு கிண்டலாவே கேட்டார். சபைல நிறைய பேர் வெள்ளக்காரன் காலத்துல விசாரணை இல்லாம உள்ள கெடந்தவங்கதான், அந்த வலி தெரிஞ்சவங்கதான், ஆனா பிரிவினை கலவரம், காஷ்மீர், தெலங்கானான்னு அப்ப இருந்த பயத்துல அவங்களே கைதூக்கி பாஸ் பண்ணாங்க.

அத உடனே யூஸ் பண்ணவும் செஞ்சாங்க. 1950 ஜனவரி 26ல அரசியலமைப்பு அமலுக்கு வருது, பிப்ரவரி கடைசில தடுப்புக் காவல் சட்டம் பார்லிமெண்ட்ல பாஸாகுது, மார்ச் 1ஆம் தேதி கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் மேல ஆர்டர் போடுறாங்க. அவர் எங்க இருந்தார்னு நினைக்கிறீங்க, ஏற்கனவே ஜெயில்லதான்! 1947 டிசம்பர்ல இருந்தே உள்ள வச்சிருந்தாங்க, சாதாரண கேஸ்ல குடுத்த தண்டனையெல்லாம் ரத்தாகி வெளிய வந்துடுவார்னு தெரிஞ்சதும் புது சட்டத்துல புது ஆர்டர். எம்.கே. நம்பியார் அவருக்காக உச்சநீதிமன்றத்துல வாதாடினார், கோர்ட் தொடங்கின முதல் வருஷத்துல வந்த பெரிய கேஸ் அது, ஆறு நீதிபதிங்க. சட்டம்னு ஒன்னு இருந்து அதுல சொன்ன நடைமுறைய பின்பத்துனா போதும், அந்த சட்டம் நியாயமானதான்னு நாங்க பாக்க மாட்டோம்னு பெரும்பான்மை சொல்லிருச்சு, அந்த தடுப்புக் காவல் சட்டத்தோட 14வது பிரிவ மட்டும்தான் தூக்குனாங்க, அதாவது என்ன காரணத்துக்கு உள்ள போட்டோம்னு கோர்ட்டுக்கு கூட சொல்லக்கூடாதுன்னு இருந்தத. ஃபஸ்ல் அலி மட்டும் உரிமைங்கள தனித்தனி பெட்டியா பாக்காதீங்க, எல்லாம் ஒன்னோட ஒன்னு கலந்ததுன்னு தனியா எழுதி வச்சார், மேனகா காந்தி கேஸ்ல நடைமுறை நியாயமா இருக்கணும்னு உச்சநீதிமன்றம் சொல்ல 1978 ஆயிருச்சு. அதுவும் 22(3)ஐ அசைக்கல, அது அரசியலமைப்போட வாசகமாச்சே.

எமர்ஜென்சிய பத்தி எல்லாரும் பேசுவாங்க, 1976ல ஜபல்பூர் கேஸ்ல, உள்ள இருக்கிறவங்க ஆட்கொணர்வு மனு போட முடியாதுன்னு நாலு நீதிபதி ஒரு பக்கம், முடியும்னு எச்.ஆர். கன்னா தனியா ஒரு பக்கம், அதனால அவருக்கு தலைமை நீதிபதி பதவி போச்சு, எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். எனக்கு அதவிட உறுத்துறது அதுக்கு அப்புறம் நடந்தது. எமர்ஜென்சி காலத்து மிசா தடுப்புக் காவல் சட்டத்துல உள்ள கெடந்து வந்தவங்களே ஆட்சிக்கு வந்து 1978ல 44வது திருத்தம் கொண்டு வந்தாங்க, அதுல அட்வைசரி போர்டு, அதாவது உள்ள வச்சது சரியான்னு பாக்குற குழு, இல்லாம மூணு மாசம் வைக்கலாம்னு இருந்தத ரெண்டு மாசமா குறைச்சாங்க, போர்டு தலைவரா பதவில இருக்கிற ஐகோர்ட் நீதிபதிதான் இருக்கணும்னாங்க. பார்லிமெண்ட் பாஸ் பண்ணியாச்சு, ஜனாதிபதி கையெழுத்தும் ஆச்சு, ஆனா அந்த ஒரு பிரிவ மட்டும் அமல்படுத்துற தேதிய எந்த அரசும் இன்னிக்கு வரைக்கும் அறிவிக்கல. ஏ.கே. ராய் கேஸ்ல இத உச்சநீதிமன்றத்துல கேட்டதுக்கு, தேதி போடச் சொல்லி அரசாங்கத்துக்கு நாங்க உத்தரவு போட முடியாதுன்னுட்டாங்க. நாப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, காங்கிரஸ், ஜனதா தளம், பிஜேபின்னு எல்லாரும் ஆண்டு பாத்தாச்சு, அந்த தேதி மட்டும் வரல.

சரி நம்ம ஊருக்கு வருவோம். குண்டாஸ்னு நாம சொல்றது 1982ஆம் வருஷத்து தமிழ்நாடு சட்டம், நம்பர் 14, எம்ஜிஆர் ஆட்சில வந்தது. சாராயம் காய்ச்சுறவங்க, போதைப்பொருள், குண்டர், விபச்சாரத் தொழில், குடிசைப்பகுதி நில அபகரிப்புன்னு ஒரு பட்டியல், அப்புறம் வனக்குற்றத்த சேத்தாங்க, திருட்டு விசிடிய சேத்தாங்க, மணல் கடத்தல சேத்தாங்க, 2014ல சைபர் குற்றம், பாலியல் குற்றம். சட்டத்தோட முழுப் பேர ஒரே மூச்சுல சொல்ல முடியாது, பெட்டிஷன் டைப் பண்றப்ப எங்க கிளார்க் பேர மட்டும் காப்பி பேஸ்ட் பண்ணுவார். கட்சி வித்தியாசமே கிடையாது, எல்லாரும் தாராளமா யூஸ் பண்ணிருக்காங்க, 2017ல மெரினாவுல ஈழத் தமிழர் நினைவேந்தல் நடத்தப் போனதுக்கு மே 17 இயக்கத்து திருமுருகன் காந்தி மேல கூட போட்டு அப்புறம் ஐகோர்ட் ரத்து பண்ணுச்சு.

எப்படி ஓடும்னா, இன்ஸ்பெக்டர் எழுதி அனுப்புவார், கலெக்டரோ கமிஷனரோ ஆர்டர் போடுவார், 5 நாளைக்குள்ள காரணமும் பேப்பரும் குடுக்கணும், 12 நாளைக்குள்ள அரசாங்கம் ஒப்புதல் தரணும், 3 வாரத்துல அட்வைசரி போர்டுக்கு போகணும், காவல்ல வச்ச நாள்ல இருந்து 7 வாரத்துக்குள்ள போர்டு ரிப்போர்ட் தரணும், போர்டும் சரின்னுட்டா 12 மாசம் வரைக்கும். போர்டு முன்னாடி வக்கீல் போக முடியாது. நான் போக முடியாது, ஆனா உள்ள இருக்கிறவனோட அம்மா போகலாம், வக்கீலா இல்லாத சொந்தக்காரர், நண்பர் யாராச்சும் போகலாம். மூணாவது வகுப்பு படிச்ச ஒரு அம்மா, நீதிபதியா இருந்தவங்க முன்னாடி நின்னு, என் புள்ளையால பொது ஒழுங்குக்கு கேடு இல்லைங்கய்யான்னு சொல்லணும்.

அப்படி ஒரு அம்மா ரெண்டு வருஷம் முன்னாடி எங்க ஆபீஸுக்கு வந்தாங்க (ஆள் தெரியக்கூடாதுன்னு விவரத்த கொஞ்சம் மாத்திருக்கேன், ஊர் ஏதோ தென்மாவட்டம்னு வச்சுக்கோங்க). ஜவுளிக்கடை கட்டைப்பைல புக்லெட்ட வச்சிருந்தாங்க, காவல் ஆணையோட குடுப்பாங்களே, எஃப்ஐஆர், வாக்குமூலம், ரிமாண்ட் பேப்பர்னு எல்லாம் சேத்து தச்சது, 190 பக்கம் இருக்கும். புள்ள பெயிண்டிங் வேலைக்கு போறவன், மேல மூணு அட்வர்ஸ் கேஸ், அதாவது பழைய கேஸ், குண்டாஸ் போட காரணமா காட்டுன கடைசி கேஸ், அதான் கிரவுண்ட் கேஸ், அதுல கத்திய காட்டி 700 ரூபா பிடுங்குனான், தடுத்தவர் கைல கீறிட்டான்னு. அதுக்கப்புறம் வர்ற பத்தி எனக்கு மனப்பாடம், எல்லா புக்லெட்லயும் ஒரே பத்திதான் இருக்கும், பொதுமக்கள் நாலா பக்கமும் சிதறி ஓடினார்கள், கடைக்காரர்கள் கடைகளை அடைத்தனர், போக்குவரத்து ஸ்தம்பித்தது. இது ஏன் எழுதுறாங்கன்னா, 1965ல ராம் மனோகர் லோகியா கேஸ்ல நீதிபதி ஹிதாயதுல்லா மூணு வட்டம் போட்டு காட்டினார், பெரிய வட்டம் சட்டம் ஒழுங்கு, அதுக்குள்ள பொது ஒழுங்கு, அதுக்குள்ள நாட்டோட பாதுகாப்பு, ரெண்டு பேர் அடிச்சிக்கிறது பெரிய வட்டத்துல மட்டும்தான் வரும், அதுக்கு சாதாரண சட்டமே போதும்னு. அதனால ஒரு சின்ன வழிப்பறிய உள் வட்டத்துக்குள்ள தள்ளணும்னா பஸ் நிக்கணும், கடை அடைக்கணும். அந்த தெருவுல பஸ்ஸே போகாது தம்பின்னாங்க அந்த அம்மா.

சீனியர் புக்லெட்ட கதை மாதிரி படிக்க மாட்டார், பின்னாடி இருந்து புரட்டுவார், ஒவ்வொரு தாளையும் டியூப்லைட்டுக்கு நேரா பிடிப்பார். 87வது பக்கம் ஆஸ்பத்திரி ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர் காப்பி, டாக்டர் கையெழுத்துக்கு மேல ஜெராக்ஸ் மெஷின் மை கொட்டி பாதி கருப்பு. அவர் மூஞ்சில அன்னிக்குத்தான் சிரிப்ப பாத்தேன். அந்த அம்மா மட்டும் புரியாம, தம்பி, அவன் அன்னிக்கு ராத்திரி மச்சினன் வீட்டுக்கு போயிருந்தான், அத சொல்லுவீங்கல்லன்னு கேட்டாங்க. இல்லம்மா, அத சொல்ல மாட்டோம், சொன்னா கோர்ட் கேக்காதுன்னேன். அவங்களுக்கு புரிய வைக்கிறதுக்குள்ள டீ ஆறிப்போச்சு.

ஆமாங்க, உங்க கேள்விக்கு உண்மையான பதில் இங்கதான் இருக்கு. எச்சிபில, அவன் தப்பு செஞ்சானா இல்லையான்னு யாரும் பாக்குறதில்ல. இது தண்டனை இல்ல, இனிமே செய்யாம தடுக்குறதுன்னுதான் சட்டம் பேர் வச்சிருக்கு, இவன உள்ள வைக்கிறது அவசியம்னு அதிகாரிக்கு வந்த "திருப்தி" சரியான்னு கோர்ட் எடை போடாது, அந்த திருப்திக்கு வந்த வழில நடைமுறை தப்பிருக்கான்னுதான் பாக்கும். 22(5)ல காரணத்த சொல்லணும், சீக்கிரமா முறையீடு பண்ண வாய்ப்பு குடுக்கணும்னு ஒரு வரி இருக்கு, எழுபது வருஷமா கோர்ட்டுங்க அந்த ஒத்த வரிய இழுத்து இழுத்துத்தான் இவ்ளோ பேர வெளிய விட்டிருக்கு. தெரியாத மொழில பேப்பர் குடுத்தா வாய்ப்பு குடுத்ததாகாது, அதனால ரத்து. 1990கள் கடைசில ஒரு தமிழ்நாட்டு கேஸ், முறையீட்டு ஃபைல் 5 நாள் சும்மா கெடந்துச்சு, என்னன்னா மந்திரி டூர்ல இருந்தாராம், அது காரணமே இல்லன்னு உச்சநீதிமன்றம் ரத்து பண்ணுச்சு. 2011ல ரேகா கேஸ்ல, காலாவதி மருந்து வித்ததா சொல்லி குண்டாஸ் போட்டது, இதுக்கெல்லாம் சாதாரண சட்டமே போதுமே, பெயில் மனுவே போடாதவன் வெளிய வந்துடுவான்னு எப்படி சொல்றீங்கன்னு கேட்டு தூக்கிட்டாங்க. அந்த தீர்ப்புக்கு அப்புறம் அதிகாரிங்க என்ன பண்றாங்கன்னா, இதே மாதிரி வேற ஒருத்தனுக்கு பெயில் கிடைச்சிருக்குன்னு எவனோ ஒருத்தனோட பெயில் ஆர்டர புக்லெட்ல சேத்துடுறாங்க, நாங்க அது இதே மாதிரி கேஸே இல்லன்னு வாதாடுறோம். இப்படியே ஓடுது.

இதுல இன்னொரு பக்கமும் இருக்கு, மறைக்க விரும்பல. எங்க மாமா மளிகைக் கடை வச்சிருக்கார், அவர் ஏரியால மாமூல் கேட்டு கடைய உடைச்ச ஒருத்தன் மேல குண்டாஸ் போட்டப்ப, மாப்ள ஒரு வருஷம் நிம்மதிடான்னார். நீங்கதான் அந்த மாதிரி ஆளுங்கள வெளிய கொண்டு வர்றீங்கன்னு பொங்கல் அன்னிக்கு சாப்பாட்டு எலை முன்னாடி வச்சு கேட்டார், எனக்கு பதில் வரல. அப்புறம் யோசிச்சா, அவர் கடைய உடைச்ச கேஸ்ல சார்ஜ்ஷீட் போட்டாங்களா, சாட்சி சொல்ல இவர கூப்பிட்டாங்களான்னா, இல்ல. கேஸ நடத்தி தண்டனை வாங்குறது கஷ்டம், சாட்சி பல்டி அடிப்பான், வாய்தா இழுக்கும், குண்டாஸ்னா ஒரு புக்லெட் தச்சா முடிஞ்சுது. ஜெயில் புள்ளிவிவரத்துல தடுப்புக் காவல் கைதிங்க எண்ணிக்கைல நம்ம மாநிலம் முன்வரிசைல இருக்கிறதுக்கு நான் பாக்குற காரணம் இதுதான், நம்ம ஊர்ல ரவுடிங்க ஜாஸ்திங்கிறதால இல்ல.

அந்த பெயிண்டர் பையன் ஏழாவது மாசத்துல வெளிய வந்தான். 87வது பக்கம் படிக்க முடியல, நல்ல காப்பி கேட்டும் குடுக்கல, அதனால முறையீடு பண்ற உரிமை பாதிச்சிருச்சுன்னு ரெண்டு பக்க ஆர்டர். நடுவுல போன ஏழு மாசத்துக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்ல, நஷ்டஈடு கேட்டு கேஸ் போடலாம்தான், நான் பாத்த வரைக்கும் ஒருத்தரும் போட்டதில்ல, வெளிய வந்தா போதும்னு போயிடுவாங்க.

ஆர்டர் காப்பி வாங்க அந்த அம்மா வந்தப்ப, அப்ப எம்புள்ள அத செய்யலன்னு கோர்ட்டு சொல்லிருச்சான்னு கேட்டாங்க. அத முடிவு பண்ண வேண்டிய கிரவுண்ட் கேஸ் கீழ் கோர்ட்ல தனியா ஓடிக்கிட்டு இருக்குன்னு சொன்னேன். இப்பவும் ஓடுது, போன வாய்தாவுக்கு புகார்தாரர் வரல.