தடை செய்யப்பட்ட துணியில் ஒரு குலத்தலைவர்

கேள்வி: ஸ்காட்லாந்து ஓவியர் ஆலன் ராம்சே 1747ஆம் ஆண்டளவில் தீட்டிய நார்மன் மெக்லியோடின் முழு உருவப் படத்தை ஒரு நூலில் கண்டேன். அவர் உடுத்தியிருக்கும் கட்டம் போட்ட டார்ட்டன் துணிக்கு அக்காலத்தில் தடை இருந்ததாமே? அப்படியானால் அவர் கலகக்காரரா?
– வாசகர், கானாடுகாத்தான்

பதில்: இல்லை, அவர் அரசின் பக்கம் நின்றவர். 1745இல் பிரிட்டன் அரியணைக்கு உரிமை கோரிய ஸ்டூவர்ட் வம்ச இளவரசர் சார்லஸ் அரசை எதிர்த்துப் படை திரட்டியபோது, ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவில் டன்வேகன் கோட்டைக்கு உரிய குலத்தலைவரான மெக்லியோட் அவருடன் சேர மறுத்து, அரசுக்காகத் தம் ஆட்களைத் திரட்டினார். மறு ஆண்டு கலோடன் போரில் கலகம் முறியடிக்கப்பட்டதும், படைவீரர் அல்லாத ஆண்கள் டார்ட்டன் உள்ளிட்ட ஸ்காட்லாந்து மலைநாட்டு உடை அணியக்கூடாது என்று சட்டம் வந்தது. ஆகவே, இவர் மேல் அந்தத் துணி கலகக் குறியாக அல்ல, பரம்பரைத் தலைமைக்கு உரிமை கோரும் சின்னமாகவே இருக்கிறது என்பது என் கருத்து.

நிற்கும் நிலையையும் கவனியுங்கள். ரோமில் பயின்ற ராம்சே, வாட்டிகனில் உள்ள அப்போலோ சிலையின் நிலையையே இவருக்குத் தந்து, மலைநாட்டுத் தலைவரை ஐரோப்பியக் கனவான்களின் வரிசையில் நிறுத்துகிறார். கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போய் வந்த ஐயாக்கள் கோட்டும் தலைப்பாகையுமாக நிற்கும் படங்கள் உங்கள் ஊர் வளவு வீடுகளிலும் உண்டு. அவற்றைப் பார்க்கும்போது, யார் காண்பதற்காக அப்படி நின்றார்கள் என்று கேட்பதுதான் பயன் தரும். இங்கும் அதே கேள்வியைத்தான் கேட்கவேண்டும். உடையின் நுணுக்கத்தை மட்டும் வைத்து ஆளை எடைபோடுவதும் சரியன்று. அந்நாள்களில் ராம்சே முகத்தைத் தாம் எழுதி, ஆடைகளைப் பெரும்பாலும் ஜோசப் வான் ஏக்கன் என்ற ஓவியரிடம் ஒப்படைத்து வந்தார்.

படம் சொல்லாமல் விட்டதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1739இல் ஸ்கை, ஹாரிஸ் தீவுகளின் குடிமக்கள் ஏறத்தாழ நூறு பேரைப் பிடித்து, அமெரிக்காவில் ஒப்பந்தக் கூலிகளாக விற்பதற்குக் கப்பலேற்றிய செயலில் இவருக்கும் பங்கு உண்டு என்று குற்றச்சாட்டு எழுந்தது. கப்பல் அயர்லாந்தில் நின்றபோது அவர்கள் தப்பினார்கள். குலத்துக்கே தந்தை போல இவர் கை நீட்டி நிற்கும் தோற்றத்தை, அந்தக் குடிகளை மனத்தில் வைத்துக்கொண்டுதான் பார்க்கவேண்டும். அதே துணியை உடுத்திய குடியானவருக்கு அச்சட்டம் விதித்தது முதல் முறை ஆறு மாதச் சிறை, மறுமுறை ஏழாண்டு நாடு கடத்தல். 1782இல்தான் அது நீக்கப்பட்டது.