கீழே விழும்போது திறமை கூடவே வராது

கேள்வி: பதினைந்து வருடமாக பைக் ஓட்டுகிறேன், ஒரு தடவைகூட விழுந்ததில்லை. தூரப் பயணம் என்றால் ஹெல்மெட் போடுவேன். பக்கத்துத் தெருவுக்குப் போகவும் அது வேண்டும் என்பது கொஞ்சம் அதிகம் இல்லையா? ஜாக்கெட், கிளவுஸ் எல்லாம் பந்தயம் ஓட்டுகிறவர்களுக்கு. தவிர, ஹெல்மெட் போட்டால் காது கேட்காது, விழுந்தால் கழுத்து முறியும் என்றெல்லாம் சொல்கிறார்களே? எப்படியானாலும் அடிபடப்போவது என் தலை, அதில் மற்றவர்களுக்கு என்ன? (பின்குறிப்பு: பின்னால் உட்காரும் மனைவிக்கு வீட்டில் பழைய ஹெல்மெட் ஒன்று கிடக்கிறது. ஏற்கெனவே ஒரு தடவை அடிபட்டதுதான், ஆனால் உடையவில்லை. அது போதும்தானே?)

பதில்: பின்குறிப்பு என்று போட்டு கடைசியில் எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது அதுதான். அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் அந்தப் பதினைந்து வருடம்.

இத்தனை காலம் விழாமல் ஓட்டியது நல்ல விஷயம். நிதானமும், எதிரே வருகிறவர் என்ன செய்யப்போகிறார் என்று முன்கூட்டியே ஊகிக்கிற பழக்கமும் இல்லாமல் அது முடியாது. ஆனால் அந்தத் திறமையெல்லாம் வேலை செய்வது டயர் சாலையைப் பிடித்திருக்கும் வரைதான். பிடி விட்டு, உடம்பு வண்டியிலிருந்து பிரிந்து, தரையில் மோதி, தேய்ந்து, எங்கேயோ போய் நிற்கும் வரைக்கும் உங்களால் செய்ய முடிந்தது ஏறக்குறைய ஒன்றுமில்லை. அந்த நேரத்தில் உங்களுக்குத் துணை, கிளம்பும்போது எதை மாட்டிக்கொண்டு கிளம்பினீர்களோ அது மட்டும்தான். ஆக, 'எனக்கு நன்றாக ஓட்டத் தெரியும்' என்பதும் 'எனக்கு ஹெல்மெட் வேண்டாம்' என்பதும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு பேச்சு. விழாமல் இருப்பது ஒரு வேலை, விழுந்தால் பிழைப்பது வேறு வேலை.

அதோடு, விழுவதா வேண்டாமா என்பதை எப்போதும் நீங்கள் மட்டுமே முடிவு செய்வதும் இல்லை. அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் என்ற பேராசிரியர் தன் குழுவோடு லாஸ் ஏஞ்சலீஸ் பகுதியில் 900 பைக் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்தார், 1981-ல் அறிக்கை வந்தது. அதில் நாலில் மூன்று விபத்துகள் இன்னொரு வாகனத்தோடு மோதியவை. அப்படி மோதியவற்றில் மூன்றில் இரண்டு பங்கு, பைக்குக்கு வழிவிட வேண்டிய அந்த வாகனம் வழிவிடாமல் குறுக்கே வந்ததால் நடந்தவை. பைக் ஓட்டியவருக்குச் சுதாரிக்கக் கிடைத்த நேரம் பொதுவாக இரண்டு நொடிகூட இல்லை. 'பக்கத்துத் தெருவுக்குத்தானே' என்கிறீர்கள், அந்த அறிக்கை சொல்லும் இன்னொரு விஷயம், பெரும்பாலான விபத்துகள் சின்னப் பயணங்களில், அதுவும் கிளம்பிய இடத்துக்குப் பக்கத்திலேயே நடந்திருக்கின்றன. வேகமும் அப்படி ஒன்றும் பயங்கரமானது இல்லை, பாதிப் பேர் ஆபத்தை எதிர்கொண்டபோது மணிக்கு 48 கிலோமீட்டருக்கும் குறைவாகத்தான் போயிருக்கிறார்கள். நீங்கள் எந்தப் பயணத்துக்கு ஹெல்மெட் வேண்டாம் என்கிறீர்களோ, கிட்டத்தட்ட அதே பயணம்தான் இது.

டி.இ. லாரன்ஸை உங்களுக்குத் தெரிந்திருக்கும், முதல் உலகப் போர்க் காலத்தில் அரேபியாவில் பெயர் பெற்றவர். அவர் பல வருடம் பெரிய பெரிய பைக்குகளை ஓட்டித் தேர்ந்தவர். 1935 மே மாதம், வீட்டுக்கு அருகிலிருந்த ராணுவ முகாமுக்குப் போய் ஒரு தந்தி கொடுத்துவிட்டுத் திரும்பும்போது, சைக்கிளில் வந்த இரண்டு பையன்கள் மேல் மோதாமலிருக்க வண்டியைத் திருப்பினார், தூக்கி எறியப்பட்டார், தலையில் அடி, ஆறு நாள் கழித்து இறந்துபோனார். வயது 46. அவருக்குச் சிகிச்சை செய்த மருத்துவர்களில் ஒருவரான மூளை அறுவை நிபுணர் ஹியூ கெய்ர்ன்ஸ் அதோடு விட்டுவிடவில்லை, பைக் ஓட்டுகிறவர்களின் தலைக் காயங்களை வருடக்கணக்கில் ஆராய்ந்து, ஹெல்மெட் உயிரைக் காக்கிறது என்று 1941-ல் கட்டுரை எழுதினார். பிரிட்டன் ராணுவம் தன் பைக் வீரர்களுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. சாதாரண மக்களுக்கு அங்கே அது சட்டமாக 1973 வரை ஆனது, கெய்ர்ன்ஸ் அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

சரி, ஹெல்மெட் என்னதான் செய்கிறது? மேலே தெரிகிற கடினமான ஓடுதான் காப்பாற்றுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது அடியைப் பரப்பிவிடும், கூர்மையான பொருள் உள்ளே இறங்காமல் தடுக்கும், அவ்வளவுதான். உயிரைக் காப்பது அதற்குள்ளே இருக்கிற தெர்மாகோல் மாதிரியான அடுக்கு. மண்டையோடு நேராகத் தாரில் மோதினால் சில மில்லிமீட்டருக்குள் நின்றுவிடும், அதற்குள் இருக்கும் மூளை நிற்காமல் போய் எலும்பில் இடிக்கும். அந்த அடுக்கு நசுங்கி, தலை நிற்பதற்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் இடம் கொடுக்கிறது. நிற்கும் தூரம் பத்து மடங்கானால் தலை வாங்கும் விசை சராசரியாகப் பத்தில் ஒன்றாகக் குறையும். அந்தச் சில சென்டிமீட்டர்தான் எழுந்து வீட்டுக்கு நடந்து போகிறவருக்கும், வருடக்கணக்கில் படுக்கையில் கிடக்கிறவருக்கும் உள்ள வித்தியாசம்.

இதற்கு 'சோதனைக்கூடத்தில் மணிக்கு 27 கிலோமீட்டர் வேகத்தில்தானே ஹெல்மெட்டை இடித்துப் பார்க்கிறார்கள், நான் அறுபதில் போகிறேன், அது என்ன காப்பாற்றும்' என்று ஒரு வாதம் உண்டு. கேட்க நியாயமாகத் தெரியும், ஆனால் பைக்கிலிருந்து விழுகிறவரின் தலை பெரும்பாலும் அறுபதில் சுவரில் போய் மோதுவதில்லை, ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து தரையில் விழுகிறது, மீதி வேகம் தரையோடு சறுக்குவதில் போகிறது. அந்த உயரத்திலிருந்து விழும் தலை தரையைத் தொடும் வேகம் மணிக்கு சுமார் 20 கிலோமீட்டர். இதில் இன்னொன்றும் இருக்கிறது, நின்றுகொண்டிருக்கும் வண்டியிலிருந்து அப்படியே சாய்ந்தாலும் ஏறக்குறைய அதே 20 கிலோமீட்டர்தான். மெதுவாகப் போனால் தலைக்கு ஒன்றும் ஆகாது என்பது அதனால்தான் தவறு. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2008-ல் வெளிவந்த கோக்ரேன் தொகுப்பாய்வு, ஹெல்மெட் மரண அபாயத்தைச் சுமார் 42 சதவீதமும் தலைக் காய அபாயத்தைச் சுமார் 69 சதவீதமும் குறைக்கிறது என்கிறது. எல்லாரையும் எல்லா விபத்திலும் காப்பாற்றும் என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் இந்த அளவு பலன் தருகிற வேறு ஒரு பொருளைப் பைக் ஓட்டுகிறவருக்கு என்னால் காட்ட முடியாது.

கழுத்து முறியும் என்பது பழைய பயம். 2011-ல் அமெரிக்காவில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பைக் விபத்துகளின் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வில், ஹெல்மெட் போட்டவர்களுக்குக் கழுத்து எலும்புக் காயம் குறைவாகத்தான் இருந்தது. காது விஷயத்துக்கு வருவோம். ஓடும் பைக்கில் உங்கள் காதை மறைப்பது காற்றின் இரைச்சல். ஹெல்மெட் அந்த இரைச்சலையும் ஹாரன் சத்தத்தையும் சேர்த்தே குறைக்கிறது, அதனால் இரைச்சலைத் தாண்டி முன்பு கேட்ட ஹாரன் இப்போதும் கேட்கும். வைசரில் கீறல் விழுந்து மங்கிப்போயிருந்தால் பார்வைக்குத் தொந்தரவுதான், வைசரை மாற்றுங்கள்.

ஹெல்மெட் போடுவதில் பாதிப் பேர் செய்கிற காரியம் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லியே ஆகவேண்டும். பட்டையைப் போடுவதில்லை. அல்லது இரண்டு விரல் கூட அல்ல, நாலு விரல் போகிற அளவுக்குத் தொங்கவிடுகிறார்கள். அப்படிப் போட்ட ஹெல்மெட் முதல் மோதலிலேயே கழன்று தனியாகப் போய்விடும், இரண்டாவது மோதலை வெறும் தலை வாங்கும். பட்டையைப் போட்ட பிறகு பின்பக்க விளிம்பைப் பிடித்து முன்னால் தள்ளிப் பாருங்கள், கழன்று வந்தால் அது உங்கள் அளவு இல்லை. தலையை இரண்டு பக்கமும் ஆட்டினால் கன்னத்துச் சதை ஹெல்மெட்டோடு சேர்ந்து நகர வேண்டும். அப்புறம், தாடையை மூடாத பாதி ஹெல்மெட் வேண்டாம். விழுகிறவர்கள் முகத்திலும் தாடையிலும்தான் நிறைய அடி வாங்குகிறார்கள், அந்த இடத்தைத் திறந்துவிட்டு உச்சியை மட்டும் மூடுவதில் எனக்குச் சம்மதமே இல்லை.

ஜாக்கெட், கிளவுஸ் பந்தயக்காரர்களுக்கு என்கிறீர்கள். உண்மையில் பந்தயக்காரர் விழுகிற இடத்தில் எதிரே லாரி வராது, சாலைத் தடுப்பு இருக்காது, ஓரத்தில் சரளைப் பரப்பும் ஓடிவர மருத்துவரும் இருப்பார்கள், அப்படியிருந்தும் அவர் தலை முதல் கால் வரை தோல் உடை போடாமல் பாதையில் இறங்க முடியாது. நீங்கள் விழப்போவது எல்லாம் இருக்கிற சாலையில், மெல்லிய பருத்திச் சட்டையோடு. அது தாரில் பட்டவுடன் கிழிந்துவிடும், சாதாரண ஜீன்ஸ் பேன்ட் பெரும்பாலும் ஒரு நொடி தாங்காது, அதற்கு அப்புறம் தேய்வது தோல். தோலுக்குள் ஏறிய மண்ணையும் தார்த் துகளையும் மருத்துவமனையில் தேய்த்துத்தான் எடுப்பார்கள், அதை ஒரு தடவை அனுபவித்தவரிடம் கேட்டுப் பாருங்கள். விழும்போது கையை ஊன்றுவது யோசித்துச் செய்வது இல்லை, உடம்பு தானாகச் செய்வது, அதனால் உள்ளங்கையும் மணிக்கட்டும் முதலில் போகும். ஒரு நல்ல கிளவுஸ் இருந்தால் மறுநாள் நீங்களே சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொள்ளலாம்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கச் சொல்லவில்லை. ஹெல்மெட்டுக்கு அடுத்து கிளவுஸ், பிறகு கணுக்காலை மூடும் ஷூ, பிறகு தோளிலும் முழங்கையிலும் பேட் வைத்த ஜாக்கெட் என்று சேர்த்துக்கொண்டே போகலாம். கணுக்காலுக்கு மேலே ஏறுகிற சாதாரண பூட் கூட செருப்பைவிட எவ்வளவோ மேல். ஜாக்கெட்டின் வேலை என்ன என்பதிலும் தெளிவாக இருங்கள், அது தோலைக் காக்கும், மூட்டில் விழும் அடியைக் குறைக்கும், லாரி ஏறினால் எலும்பைக் காப்பாற்றாது. வெயிலில் போட முடியாது என்பவர்களுக்கு வலைத்துணியில் தைத்த ஜாக்கெட் இருக்கிறது, கெட்டித் துணி அளவுக்குத் தேய்மானம் தாங்காது, ஆனாலும் வெறும் சட்டையோடு அதை ஒப்பிடவே முடியாது. வாங்கும்போது தையலைப் பாருங்கள், விழும்போது பெரும்பாலும் முதலில் விட்டுப்போவது தையல்தான்.

'என் தலை, மற்றவர்களுக்கு என்ன?' இந்த வரியை நீங்கள் எழுதும்போது மரணத்தை மட்டும்தான் நினைத்திருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. தலையில் அடிபட்டுப் பிழைத்தவர்களை நினைத்துப் பாருங்கள். பேச்சு போனவர்கள், ஒரு பக்கம் செயலிழந்தவர்கள், முன்பு சாந்தமாக இருந்து இப்போது எதற்கெடுத்தாலும் கத்துகிறவர்கள், தன் குழந்தையின் பெயரைத் தேடுகிறவர்கள். அவர்களுக்கு ஊட்டிவிடுவதும் துடைத்துவிடுவதும் வேலைக்குப் போகாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதும் வேறு ஒருவர். உங்கள் வீட்டில் அது யார் என்று உங்களுக்கே தெரியும். அந்தத் தலைமேல் அவருக்கும் உரிமை இருக்கிறது.

இப்போது பின்குறிப்பு. இல்லை, அந்த ஹெல்மெட் போதாது. பின்னால் உட்காருகிறவர் உங்களைவிட மோசமான நிலையில் இருக்கிறார். எதிரே என்ன வருகிறது என்று அவருக்குத் தெரியாது, பிடித்துக்கொள்ள ஹேண்டில் இல்லை, பிரேக் அவர் கையில் இல்லை, உங்கள் பதினைந்து வருட அனுபவமும் அவருடையது இல்லை. உங்களோடு சேர்ந்து அதே உயரத்திலிருந்து அதே சாலையில்தான் அவரும் விழுவார். அந்தப் பழைய ஹெல்மெட் ஒரு தடவை அடிபட்டது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உள்ளே இருக்கும் அடுக்கு ஒரு தடவைதான் நசுங்கும், நசுங்கியது திரும்பி வராது, வெளி ஓட்டில் கோடுகூட விழாமல் உள்ளே வேலை முடிந்திருக்கலாம். அடிபடாவிட்டாலும் ஐந்து வருடப் பயன்பாட்டுக்கு அப்புறம் மாற்றிவிடச் சொல்கிறார்கள், வியர்வையும் வெயிலும் பெட்ரோல் ஆவியும் அதைக் கெடுக்கின்றன. அளவும் உங்கள் தலைக்கு வாங்கியதாகத்தானே இருக்கும்.

இந்த வாரமே அவரையும் அழைத்துக்கொண்டு போங்கள். அவர் தலையில் மாட்டிப் பார்த்து, பத்து நிமிடம் கழற்றாமல் வைத்திருந்து, நெற்றியில் எங்கும் குத்தவில்லை என்று அவர் சொன்ன பிறகு, தரச் சான்று முத்திரை உள்ளதாக, தாடையை மூடுவதாக, உங்களுடையதைவிடக் குறையாததாக ஒன்று வாங்குங்கள். பழையதை யாருக்கும் இனாமாகக் கொடுக்க வேண்டாம். பட்டையைக் கத்திரியால் வெட்டிவிட்டுக் குப்பையில் போடுங்கள், வேறு யாராவது எடுத்து மாட்டிக்கொள்ள முடியாதபடி.