கேள்வி - பதில்: வருமானம் உயர்ந்தால் மாசு தானாகக் குறையுமா?

கேள்வி: நாடு வளரும்போது முதலில் மாசு கூடும், வருமானம் ஒரு மட்டத்தைத் தாண்டியதும் தானாகக் குறையும் என்று பொருளியல் வகுப்பில் படிக்கிறோம். இது உண்மையா?
- கல்லூரி மாணவி, பல்லடம்

பதில்: நீங்கள் கேட்பது 'சுற்றுச்சூழல் குஸ்னெட்ஸ் வளைகோடு' பற்றி. பொருளியலாளர் சைமன் குஸ்னெட்ஸ் 1955இல் எழுதியது வருமான ஏற்றத்தாழ்வைப் பற்றியே. கவிழ்த்த 'ப' போன்ற அந்தக் கோட்டை மாசுக்குக் கொண்டுவந்தது 1991இல் கிராஸ்மன், குரூகர் என்ற பொருளியலாளர்கள் இருவரும் செய்த ஆய்வு. கந்தக டை ஆக்சைடு போன்ற, உள்ளூரிலேயே மூச்சுத் திணறவைக்கும் மாசுகளுக்குக் கோடு ஓரளவு பொருந்துகிறது. கரியமில வாயுவுக்கு அத்தனை எளிதாகப் பொருந்துவதில்லை. இந்த இறக்கம் தானாக நிகழ்வதன்று என்று அவ்விருவருமே 1995இல் எழுதிவிட்டார்கள். அந்த எச்சரிக்கை மட்டும் வகுப்பறைக்கு வந்து சேர்வதில்லை போலும்.

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. பருத்தித் துணியில் சாயம் பிடிக்க உப்பை அள்ளிக் கொட்ட வேண்டும். வழக்கமான சுத்திகரிப்பில் நிறம் போகுமே தவிர, கரைந்த உப்பு போகாது. திருப்பூரின் பனியன் ஏற்றுமதி ஏறிக்கொண்டே போன ஆண்டுகளில் அந்த உப்பு நொய்யலில் இறங்கியது. பாசனத்துக்கென 1992இல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் குட்டையாயிற்று. ஊரில் பணம் புரண்டதால் ஆறு தெளிந்துவிடவில்லை. ஆயக்கட்டு விவசாயிகள் வழக்குத் தொடுத்தார்கள். ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2006இல் ஆணையிட்டது. அது நிறைவேறாததால் 2011 ஜனவரியில் எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதன் பிறகே கழிவுநீரிலிருந்து நல்ல நீரை வடித்தெடுக்கும் ஆர்.ஓ. கருவிகளும், மிஞ்சும் உப்புநீரைக் காய்ச்சி உப்பைப் பிரிக்கும் ஆவியாக்கிகளும் முறையாக இயங்கத் தொடங்கின.

கேள்வி: இத்தகைய கட்டுப்பாடுகளால் தொழில் நசிந்துவிடாதா?
- வாசகர், கரூர்

பதில்: மூடிய மாதங்களில் தொழிலாளர்கள் பட்ட பாட்டை மறுக்க முடியாது. ஆனால் தொழில் நசியவில்லை. திருப்பூரின் ஏற்றுமதி அதன்பின் இரு மடங்குக்கும் மேல் உயர்ந்தது. உண்மையான சிக்கல் வேறு: கழிவுநீரைக் காய்ச்சும் செலவு சாயக்கூலியில் ஏறுகிறது, அந்தச் செலவே இல்லாத வெளியூர்ப் பட்டறைகள் குறைந்த கூலிக்கு வேலையை வாங்கிக்கொள்கின்றன. எனவே விதியைத் தளர்த்துவதைவிட, சாயத்தொழில் நடக்கும் எல்லா ஊர்களுக்கும் அதையே கட்டாயமாக்குவதுதான் முறை என்பது என் கருத்து.